லயமும் மனையும்

கல்பாத்தி அக்கிரகாரத்தைக் கண்டவர் அதன் வீட்டு வரிசையை மறவார். வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். தெருவை நோக்கிய திண்ணை. உள்ளே நீண்டு செல்லும் கட்டுகள். தஞ்சைப் பகுதியினின்றும் பாலக்காடு புகுந்த நம்மவர், விட்டுவந்த காவிரிக்கரைத் தெருவையே அங்கு மீண்டும் எழுப்பினர் போலும்.

மூணாற்று மலைகளிலும் வீட்டு வரிசை உண்டு. அதன் கதையோ வேறு. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். நாளடைவில் அங்குத் தேயிலை பரவிற்று. கங்காணிமார் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளில் ஆள் திரட்டி மலையேற்றினர். அவர்களுக்கென எழுந்தவையே லயங்கள். இசைவாணர் கூறும் லயம் அன்று இது. ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல் நம் நாவில் திரிந்தது!

ஓர் அறை, ஓர் அடுக்களை, முன்னே சிறு தாழ்வாரம். அவ்வளவே வீடு. மகப்பேறும் மணப்பேச்சும் சாவும் அதற்குள்ளேயே நிகழ்ந்தன. அடுத்த வீட்டில் தாளிக்கும் மணம் இங்கே வரும். இரவில் இருமலும் கேட்கும். இதனை முழுதும் துன்பமென்று கொள்ளுதல் பொருந்தாது. இருமல் கேட்ட வீட்டினின்று விடியுமுன் கஞ்சியும் வரும். ஆயின், அச்சுவரில் ஆணி அறைந்தவனுக்கு அச்சுவர் உரிமையன்று. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு அளித்தலை முதலாளியின் கடமையாக்கிற்று. நல்லதே. எனினும் வேலையோடு வந்த வீடு வேலையோடே போகும். ஓய்வு பெற்றோர், பிள்ளைகளுள் ஒருவர் கொழுந்துக்கூடையை ஏற்றாலன்றி, லயத்தைக் காலி செய்யவேண்டும்.

ஆகவே மூன்று தலைமுறையினர் லயத்தில் உறங்கி, வேறொரு வீட்டை மனத்தில் கட்டினர். தென்காசிப் பக்கத்திலோ சங்கரன்கோவில் பக்கத்திலோ ஒரு மனை; தனிச் சுவர்; வாசலில் ஒரு வேம்பு. சிறுகச் சேர்த்துக் கட்டியவரும் உளர். அவ்வீடு பூட்டியே கிடக்கும், கோயிற்கொடைக்கு மட்டும் திறக்கும். வீடொன்று வரைக என்றால் லயத்துப் பிள்ளைகள் லயத்தை வரைவதில்லை. இரு சன்னலுடைய தனி வீட்டையே வரைகின்றனர். யான் கண்டவரை இதுவே.

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, உறங்கிய லயங்களை மூடிற்று. 70 உயிர்கள் மாண்டன. பின்னர் எஞ்சியோருள் 8 குடும்பங்களுக்குக் குட்டியாறு பள்ளத்தாக்கில் நிலமும் தனி வீடும் வழங்கப்பெற்றன. மற்றை லயங்களில் வாழ்வோர் பலர் தமக்கென ஒரு மனைக்கு இன்னும் காத்திருக்கின்றனர்.