சூரியகாந்தி எப்படி ஆதரவின் அடையாளம் ஆனது? ஏர்பேட்டில் ஒரு பொதுத் தோட்டத்தில் வளர்க்க முடியுமா?

2022 மார்ச்சில் சன்ஃப்ளவர் ஆயில் பாக்கெட் விலை கிடுகிடுவென ஏறியது நினைவிருக்கா? அதே வாரங்களில் பிரிட்டனில் பலர் தங்கள் பொதுத் தோட்டங்களில் சூரியகாந்தி விதைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: உக்ரைன் போர்.

ஏன் சூரியகாந்தி?

இது உக்ரைன் நாட்டின் அடையாளப் பூ. பூர்வீகம் வட அமெரிக்கா என்றாலும், கடந்த இரண்டு நூற்றாண்டுகளில் உக்ரைனின் முக்கியப் பயிராகவே மாறிவிட்டது. 1996 ஜூனில், அந்த நாட்டிலிருந்து அணு ஆயுதங்கள் முழுவதும் அகற்றப்பட்டபோது, அமெரிக்க, ரஷ்ய, உக்ரைன் பாதுகாப்பு அமைச்சர்கள் மூவரும் பெர்வோமைஸ்க் ஏவுகணைத் தளத்தில் சூரியகாந்தி நட்டார்கள். அப்போது அது சமாதானத்தின் பூ.

2022 பிப்ரவரி 24 அன்று ஹெனிசெஸ்க் ஊரில் ஒரு பெண், துப்பாக்கியோடு நின்ற ரஷ்யச் சிப்பாயிடம் சூரியகாந்தி விதையைப் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னார். அவர் இங்கே செத்தால் பூவாவது முளைக்கட்டும் என்பது அதன் பொருள். அந்த வீடியோ பரவிய பிறகு, இந்தப் பூவுக்கு எதிர்ப்பு, ஆதரவு என்ற அர்த்தங்களும் சேர்ந்துகொண்டன.

அலாட்மெண்ட் என்றால் என்ன?

பிரிட்டனில் உள்ளாட்சி அமைப்புகள் மக்களுக்குக் குறைந்த வாடகையில் தரும் சிறு விவசாயத் துண்டு நிலம். ஒரு முழுத் துண்டு சுமார் 250 சதுர மீட்டர். வீட்டுத் தேவைக்குக் காய்கறி போடத்தான் இந்த ஏற்பாடு. அதில் ஒரு வரிசையை இன்னொரு நாட்டு மக்களுக்காக ஒதுக்குவதுதான் இங்கே செய்தி. விதை, பூ விற்ற பணத்தை நிவாரணத்துக்கு அனுப்பியவர்களும் உண்டு.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நம்ம வாணலிதான் சம்பந்தம். போருக்கு முன், இந்தியா இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயில் சுமார் 70% உக்ரைனிலிருந்து வந்தது. பிறகு ரஷ்யா முதலிடத்துக்கு வந்துவிட்டது.

எப்போதும் இப்படி இல்லை. 1990களின் தொடக்கத்தில் இந்தியாவில் 25 லட்சம் ஹெக்டேருக்கு மேல் சூரியகாந்தி பயிரானது. ராயலசீமாவின் கர்னூல், அனந்தபூர் பகுதிகளும் அதில் அடக்கம். 2020-21இல் அந்தப் பரப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. மலிவான இறக்குமதி எண்ணெயோடு போட்டி போட முடியாதது ஒரு முக்கியக் காரணம்.

இந்தியாவில் சூரியகாந்திக்காக ஒன்றுகூடியது உண்டா?

உண்டு. 2023 ஜூனில் ஹரியாணாவின் குருக்ஷேத்ரா மாவட்ட விவசாயிகள், குவிண்டாலுக்கு 6,400 ரூபாய் என்ற குறைந்தபட்ச ஆதரவு விலையில் சூரியகாந்தியைக் கொள்முதல் செய்யக் கேட்டு தேசிய நெடுஞ்சாலை 44ஐ மறித்தார்கள். ஈடாக 1,000 ரூபாய் தருகிறோம் என்றது அரசு, விவசாயிகள் ஏற்கவில்லை. போலீஸ் தடியடி நடத்தியது. ஜூன் 12 அன்று பிப்லியில் நடந்த மகா பஞ்சாயத்துக்கு, தங்கள் போராட்டத்தின் நடுவே இருந்த மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியாவும் ஆதரவு தர வந்தார். உரிய விலை தருவதாக அரசு ஒப்புக்கொண்டதும் மறுநாள் போராட்டம் முடிந்தது.

ஏர்பேடு பக்கம் வளருமா?

தாராளமாக. ஐஐடி, ஐசர் வந்த பிறகு வெளியூர்க்காரர்கள் அதிகம் குடியேறியிருக்கும் பகுதி இது. நாலைந்து குடும்பம் சேர்ந்தால் போதும்.

• எப்போது: பூக்கும் நேரத்தில் கனமழை ஆகாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், டிசம்பர் கடைசி அல்லது ஜனவரியில் விதைக்கலாம். சுமார் 90 நாளில் அறுவடை.

• எப்படி: தண்ணீர் தேங்காத மண். வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. குழிக்கு இரண்டு விதை போட்டு, பத்து நாள் கழித்து நல்ல செடி ஒன்றை மட்டும் விடுங்கள். மொட்டு, பூ, மணி பிடிக்கும் நேரங்களில் தண்ணீர் தவறக் கூடாது.

• கவனம்: தேனீ வராவிட்டால் விதை சப்பையாகும். பூத்த நாட்களில், காலை வேளையில், ஒரு பூவின் முகத்தை அடுத்த பூவோடு மெல்லத் தேய்த்துவிடலாம். அதனால் ஒற்றைச் செடியை விடக் கூட்டமாக நடுவதே நல்லது. மணி முற்றினால் கிளி வரும். காவல் முறை போட்டுக்கொள்ளுங்கள்.

• அறுவடை: பூவின் பின்பக்கம் மஞ்சளானதும் வெட்டிக் காயவையுங்கள்.

இதனால் யாருக்கு என்ன பயன்?

ஒரு தோட்டத்துப் பூ போரை நிறுத்தாது, கொள்முதல் விலையையும் ஏற்றாது. எண்ணெய்கூடப் பெரிதாக வராது: ஒரு கிலோ விதையில் இருப்பதே 350 முதல் 400 கிராம்தான், செக்கில் அதுவும் முழுசாக இறங்காது. ஆனால் மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி, கிளி விரட்டி, கடைசியில் கையில் கிடைப்பதைப் பார்த்தவருக்கு, 6,400 ரூபாய்க்காக விவசாயி ஏன் ரோட்டில் உட்கார்ந்தார் என்பது புரியும். ஆதரவு அங்கிருந்துதான் தொடங்குகிறது.