உழைப்பு பயிற்சியாகுமா? முதுமைத் தசையிழப்பும் 1990 பாஸ்டன் ஆய்வின் மறுவாசிப்பும்

முதுமைத் தசையிழப்பு உட்கார்ந்தே வாழ்ந்தவர்களின் நோய் என்றும், வயலிலும் ஆலையிலும் உடம்பால் உழைத்தவர்களுக்கு அந்த உழைப்பே பயிற்சியாக அமைந்துவிட்டது என்றும் ஒரு கருத்து நம் ஆய்வுலகில் வேரூன்றியிருக்கிறது. இதை வெளிப்படையாக எழுதுவோர் குறைவு. பரிந்துரைப் பகுதியில்தான் இது தலைகாட்டும்: உழைத்துக் களைத்த முதியவருக்கு ‘தினமும் நடங்கள்’ என்ற ஒற்றை வரியோடு சிகிச்சை முடிந்துவிடுகிறது. திருவள்ளூரை அடுத்த காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையைச் சுற்றி முதுமையடையும் தொழிலாளர்களை மனத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கருத்து நிற்காது என்பதே என் வாதம். அதற்குச் சான்றாக, எதிர்த்தரப்பாரும் விரும்பி மேற்கோள் காட்டும் ஆய்வையே எடுத்துக்கொள்கிறேன். மரியா ஃபியட்டரோனும் உடன் ஆய்வாளர்களும் 1990-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்ட சிறிய ஆய்வு அது.

பாஸ்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த 10 பேர், சராசரி வயது 90. எட்டு வாரப் பயிற்சியை 9 பேர் முடித்தார்கள். தொடையின் முன்பக்கத் தசையின் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இந்த ஒரு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘எந்த வயதிலும் உடம்பை அசைத்தால் போதும், வலு திரும்பும்’ என்று வாசிக்கிறார்கள். அடுத்த படியாக, ‘வாழ்நாள் முழுக்க அசைத்தவர்களுக்குக் கவலையில்லை’ என்ற முடிவுக்கும் வந்துவிடுகிறார்கள். ஆய்வின் செய்முறைப் பகுதி இந்த இரண்டுக்கும் இடம் தரவில்லை.

அங்கே நடந்தது என்ன? உட்கார்ந்த நிலையில் முழங்காலை நீட்டி எடையைத் தூக்க வேண்டும். ஒருவர் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையை முதலில் அளந்தார்கள். முதல் வாரம் அதில் பாதி. இரண்டாம் வாரத்திலிருந்து 80 விழுக்காடு. எட்டு எட்டாக மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உச்ச எடையை மறுபடி அளந்து, சுமையை அதற்கேற்பக் கூட்டினார்கள். தொடக்கத்தில் அந்த உச்சம் சராசரியாக 8 கிலோ அளவில்தான் இருந்தது. முடிவில் 20 கிலோவைத் தாண்டியது. முதல் வாரத்துச் சுமையையே எட்டு வாரமும் கொடுத்திருந்தால் இந்த ஏற்றம் வந்திருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தென்படவில்லை. சோதிக்கப்பட்டது வெறும் அசைவு என்று எப்படிச் சொல்ல முடியும்? வலுவைத் துரத்திக்கொண்டே ஏறிய சுமைதான் அங்கே மருந்தாக இருந்தது.

இப்போது இதைத் தொழிற்பேட்டையின் உழைப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லாரியிலிருந்து மூட்டை இறக்கும் லோடுமேனுக்குச் சுமையை நிர்ணயிப்பது அவர் தசை அல்ல, சரக்கு. ஐம்பது கிலோ மூட்டை 25 வயதிலும் ஐம்பது கிலோதான், 60 வயதிலும் ஐம்பது கிலோதான். இளமையில் பழகிப்போன பிறகு அந்தச் சுமை தசையை வளர்ப்பதில்லை. முதுமையில் அதுவே உச்சத்தை நெருங்கி உடம்பைக் காயப்படுத்துகிறது. முடியாமல் போனதும் அவருக்கு வாட்ச்மேன் வேலையோ கூட்டிப் பெருக்கும் வேலையோ கிடைக்கிறது. அதாவது, சிகிச்சை சுமையை ஏற்றவேண்டிய வயதில் வேலை சுமையை இறக்கிவிடுகிறது. வாரத்தில் மூன்று நாள் பயிற்சி என்றால் இடைநாள்களில் தசை மீண்டெழ அவகாசம் உண்டு. காண்டிராக்ட் ஷிப்டில் அது கிடையாது. பேக்கிங் பிரிவில் எட்டு மணி நேரம் நிற்கும் பெண்களின் நிலை இன்னும் மோசம்: கால் வலிக்கும், ஆனால் தொடைத் தசைக்கு வளரத்தக்க சுமை எதுவும் ஏறாது. வேலையில் உடலசைவு மிகுந்த ஆண்களிடம் இறப்பு அபாயம் குறையாமல் கூடியே காணப்பட்டதாக 2018-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. அது ஆயுளைப் பற்றிய செய்தி, தசையைப் பற்றியதல்ல. வறுமையின் பங்கை அதிலிருந்து முழுதாகப் பிரித்தெடுப்பதும் கடினம். இருந்தாலும் உழைப்பும் பயிற்சியும் ஒன்றே என்ற எண்ணத்துக்கு அது துணை நிற்கவில்லை.

பாஸ்டன் ஆய்வில் இன்னொரு எண் உண்டு. வலு 174 விழுக்காடு கூடியபோது தொடைத் தசையின் பரப்பு சி.டி. ஸ்கேனில் 9 விழுக்காடுதான் கூடியது. மீதி ஏற்றம் பெரும்பாலும் நரம்புகள் இருக்கிற தசையைத் திறமையாக இயக்கக் கற்றுக்கொண்டதால் வந்தது என்று கொள்ளலாம். ‘தசை வளரவில்லையே, பிறகு இது என்ன சிகிச்சை?’ என்று கேட்பவர்கள் உண்டு. பயிற்சியின் முடிவில் இரண்டு பேர் கைத்தடியைக் கைவிட்டார்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதிருந்த மூவரில் ஒருவர் எழுந்தார். நோயாளி கேட்பது இதைத்தான். நமக்கு இதில் நடைமுறைப் பயனும் உண்டு. தசை அளவைக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் கைக்கெட்டும் வரை சிகிச்சை காத்திருக்கத் தேவையில்லை. ஆசியத் தசையிழப்புப் பணிக்குழு 2019-இல் இதற்கு வழிவிட்டது: ஆணுக்குக் கைப்பிடி வலு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருந்தாலோ, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிகிச்சையைத் தொடங்கலாம். நாற்காலிச் சோதனைக்கு ஒரு நாற்காலியும் ஒரு கடிகாரமும் போதும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழச் சொன்னால், மூன்றாவது தடவையில் ஒரு கை தானாக அவிழ்ந்து முழங்காலை ஊன்றத் தேடும். உழைத்துக் காய்ப்பேறிய கையும் அப்படித்தான் தேடும்.

பத்துப் பேர், ஒப்பீட்டுக் குழு கிடையாது என்ற குறை உண்மையே. அதே குழுவினர் 1994-இல் நூறு பேரை வைத்து, ஒப்பீட்டுக் குழுவுடன் செய்த ஆய்வு அதற்குப் பதில் சொல்லிவிட்டது: வலு 113 விழுக்காடு கூடியது, பயிற்சியில்லாத ஊட்டபானம் மட்டும் பலன் தரவில்லை. ஆனால் இந்தப் பிந்தைய முடிவை அப்படியே இங்கே இறக்குவதில் எனக்குத் தயக்கம் உண்டு. சோறும் குழம்புமாகச் சாப்பிடும் முதியவரின் புரதக் கணக்கு வேறு. முதியோருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறது ஒரு பன்னாட்டு நிபுணர் குழு. 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். அதில் ஒரு பகுதியைப் பாலே தரும்; ஆவின் பால் பண்ணை காக்களூரிலேயே இருக்கிறது. அரை லிட்டர் பாக்கெட் ஒன்றில் ஏறத்தாழ 15 கிராம் புரதம் உண்டு. ‘இந்த வயதில் எடை தூக்கினால் இதயம் தாங்குமா’ என்ற அச்சத்துக்கு அதிகம் இடம் தரவேண்டியதில்லை. மருத்துவர் ஒருமுறை பரிசோதித்து அனுமதித்தால் போதும். நடைக்குச் சான்றாகக் காட்டப்படும் 2014-ஆம் ஆண்டின் லைஃப் ஆய்வும் வெறும் நடை அல்ல. அதில் கணுக்காலில் எடை கட்டிச் செய்யும் பயிற்சியும் சேர்ந்திருந்தது. 1,635 பேரில் நடமாட்ட இழப்பு ஒப்பீட்டுக் குழுவில் 35.5 விழுக்காடாகவும் பயிற்சிக் குழுவில் 30.1 விழுக்காடாகவும் இருந்ததில் அந்த எடையின் பங்கை யாரும் பிரித்துக் காட்டவில்லை.

பாஸ்டன் ஆய்வில் அதிகம் பேசப்படாத பகுதி கடைசியில் வருகிறது. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் வலுவில் 32 விழுக்காடு போய்விட்டது. எட்டு வாரத்தில் ஏறிய வலுவும் நாற்பது ஆண்டு உழைப்பில் சேர்ந்த வலுவும் ஒரே வேகத்தில் கரையும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நிறுத்தினால் கரையும் என்பது தெளிவு. ‘உழைத்த உடம்பு’ என்பது சேமிப்புக் கணக்கு அல்ல. ஒரு நாள் முகாம் நடத்தி, துண்டுப் பிரசுரம் கொடுத்து அனுப்புவதும் இங்கே பயன்படாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். அவர் பையில் அரைக் கிலோ, ஒரு கிலோ, இரண்டு கிலோ மணல் நிரப்பிய, கணுக்காலில் கட்டும் துணிப்பைகள் இருக்கட்டும். நோயாளியின் அட்டையில் நாற்காலிச் சோதனையின் விநாடிகளையும் கட்டிய எடையையும் எழுத இரண்டு கட்டங்கள் சேர்க்கப்படட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவை நிரப்பப்பட்டு, எடை கூட்டப்பட வேண்டும். திருவள்ளூர் மாவட்டச் சுகாதாரத் துறை இதைக் காக்களூரிலிருந்தே தொடங்கலாம்.