தோம்பும் தூரிகையும்: ஓவியர் சனாதனனின் நினைவுப் பதிவுகள்

புதுக்கோட்டைச் சீமையில் ஓவியம் என்றவுடன் சித்தன்னவாசல் நினைவுக்கு வருதல் இயல்பு. சுண்ணாம்புச் சாந்தும் கனிம வண்ணங்களும் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து ஒரு தாமரைத் தடாகத்தைக் காத்து நிற்கின்றன. நினைவைத் தாங்குவது வடிவம் மட்டுமன்று, அதனை ஏந்தும் பொருளும் ஆகும் என்பதற்கு அஃது ஒரு சான்று. இவ்வுண்மையைப் போரால் சிதைந்த மண்ணில் நம் காலத்தில் ஆராய்ந்தவர் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன்.

1969இல் பிறந்த அவர் தில்லியில் ஓவியம் பயின்று, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்று ஆசிரியரானார். அவருடைய தொடக்க கால ஓவியங்களில் மனித உடலே களம். காலம் செல்லச் செல்ல, பிறர் கைப்பட்ட பொருள்களும் பிறர் சொன்ன சொற்களும் அவருக்கு வண்ணங்களாயின.

2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடைபெற்ற கண்காட்சியில், அவ்வூர்க் குடும்பங்களிடமிருந்து திரட்டிய பொருள்களைக் கொண்டு ‘வரலாறுகளின் வரலாறு’ என்னும் பொருள்படும் படைப்பை அவர் அமைத்தார். 1981இல் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த நூலகம் அது. ஏடுகள் சாம்பலான இடத்தில் எளிய மக்களின் உடைமைகளே ஏடுகளாயின. 2010இல் கனடாவின் வான்கூவர் நகர மானிடவியல் அருங்காட்சியகத்தில், புலம்பெயர்ந்தோரின் பொருள்களைக் கொண்டு ‘வீடு’ என்னும் கருத்தையே அவர் ஆராய்ந்தார்.

இவற்றின் கனிந்த நிலை 2011இல் வெளிவந்த ‘முற்றுப்பெறாத தோம்பு’. தோம்பு என்பது ஒல்லாந்தர் ஆட்சியில் பேணப்பட்ட நிலப் பதிவேடு. எவர் நிலம், எவ்வளவு, எவ்வளவு வரி என்று ஆள்வோர் எழுதி வைத்த கணக்கு. சனாதனன் அக்கணக்கை ஆளப்பட்டவர் கையில் கொடுத்தார். இடம்பெயர்ந்த எண்பது பேர் தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்தனர். அவர்கள் சொற்களும், கட்டடக் கலைஞர் அளவிட்டுத் தீட்டிய வரைபடமும், சனாதனனின் உலர் வண்ணச் சித்திரமும் அடுத்தடுத்து வைக்கப்பட்டன. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் வீடுகளும் அதில் இடம்பெற்றன. தன் இழப்பைப் பதியும் கலை, பக்கத்து வீட்டாரின் இழப்பை விட்டுவிட்டால் அது மற்றுமோர் ஆள்வோர் கணக்காகவே முடியும். இதனை அந்நூல் வாதிடாமலே உணர்த்துகிறது.

அங்குப் பொருளே பேசுகிறது. நடுங்கும் கையால் இழுத்த கோட்டில் வீட்டின் அளவு பிழைபடலாம். ஏக்கத்தின் அளவு பிழைபடுவதில்லை. கட்டடக் கலைஞரின் கோடு அளவைச் சீராக்குகிறது. ஆயின் அதில் வாழ்ந்தவர் இல்லை. விரல் பட்டால் கலையும் உலர் வண்ணமோ நினைவின் நிலையாமையைத் தன் உடலிலேயே ஏந்துகிறது. பின்னர் ‘எதிர்ப்பின் பேழை’ வரிசையில், நூலக அட்டைப் பேழையின் வடிவத்தைக் கொண்டு, போர்க்காலத்தில் மக்கள் வாழ்ந்து கடந்த வகைகளைப் பதிந்தார்.

அகமும் புறமும் தனித்தனி என்று வகுத்தது நம் இலக்கணம். வீட்டு முற்றத்தைப் பற்றிய அகப்பாடலே போரைப் பற்றிய புறப்பாடலாக மாறும் இடத்தைச் சனாதனன் காட்டுகிறார். கவிஞர்க்கு இதில் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பேரழிவைச் சொல்லப் பெருஞ்சொற்கள் வேண்டுவதில்லை. கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்பதே போதும். அந்தத் தோம்பு முற்றுப்பெறாதது என்று பெயர் பெற்றதும் பொருத்தமே. எண்பது வீடுகள் பதிவாயின. எழுதப்படாத வீடுகள் எண்ணற்றவை.