ஒலிபெருக்கியிலிருந்து ஒலிக்கோப்பு வரை: புதுவைக் கிராமங்களில் நூலகத்தின் குரல்

புதுச்சேரி–விழுப்புரம் சாலையில், மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்த மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமைதோறும் சந்தை கூடும். மாட்டுக்குப் பேர்போன சந்தை. வைக்கோல் என்ன விலை, எந்த ஊரில் மாட்டுக்குக் கோமாரி கண்டிருக்கிறது, எந்தத் தரகர் பேச்சை நம்பலாம் என்பதெல்லாம் அங்கே வாய்வழியே கைமாறும். இவ்வளவு செய்தி அச்சுத்தாளின் துணையில்லாமல் நடமாடும் வட்டாரத்தில் நூலகம் எந்த வடிவில் நுழைந்தது, இணையமும் பாட்காஸ்டும் வந்த பிறகு அது என்னவாகக்கூடும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

புதுச்சேரியின் பொது நூலகம் பழையது. பிரெஞ்சு ஆட்சியில் 1827இல் தொடங்கப்பட்டு, பின்னாளில் ரோமன் ரோலன் பெயரைத் தாங்கி நிற்பது அதுதான். ஆனால் அது நகரத்தின் நூலகம். கிராமங்களுக்கு நடமாடும் நூலக வண்டி போனதும், கலை பண்பாட்டுத் துறையின் கிளை நூலகங்கள் திறக்கப்பட்டதும் இந்தியாவுடன் இணைந்த பிறகு நடந்தவை. எல்லைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. மன்னார்குடியில் 1931லேயே மாட்டுவண்டி நூலகம் ஊர் ஊராகப் போயிருக்கிறது. 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றி நூலக வரிக்கு வழிசெய்தது. பிரெஞ்சிந்தியா அந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தது. விழுப்புரம் மாவட்டத்து ஊர்களோடு வயலும் வரப்புமாகப் பின்னிக்கிடந்தாலும், மதகடிப்பட்டும் வில்லியனூரும் பாகூரும் வேறொரு நிர்வாக வரலாற்றுக்கு உரியவை.

1998இல் இந்த வட்டாரத்தில் நடந்த ஒரு முயற்சியை நூலக வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் தங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியோடு, வில்லியனூரை நடுவமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வி.பாலாஜி அதை வழிநடத்தினார். தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் உடன் நின்றார். எம்பலம், வீராம்பட்டினம், கீழூர் முதலிய ஊர்களில் மையங்கள் எழுந்தன. 1954 அக்டோபர் 18இல் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவாக வாக்களித்த அதே கீழூர்தான்.

இடத்தை ஊர் தர வேண்டும், நடத்துபவர்களையும் ஊரே தர வேண்டும், சாதி பாராமல் எல்லோரும் உள்ளே வர வேண்டும் என்பவை நிபந்தனைகள். எம்பலத்தில் கோயிலைச் சேர்ந்த அறை ஒன்றில் மையம் இயங்கியது. சன்னிதிக்குள் நுழைய முடியாதவர்களும் அந்த அறைக்குள் வரலாம். மையத்துக்கு வந்த கணினியைவிடப் பெரிய மாற்றம் அந்த வாசலில் நிகழ்ந்தது என்பேன்.

தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாத காலம். மின்சாரத்துக்குச் சூரியத் தகடு துணைநின்றது; பேச்சையும் தரவையும் கொண்டுசெல்ல வானொலி அலைவழி இணைப்பு அமைத்தார்கள். சந்தை விலை, அரசு நலத்திட்ட விவரம், மருத்துவமனை நேரம் எல்லாம் வில்லியனூரில் திரட்டி, தமிழாக்கி அனுப்பப்பட்டன. வீராம்பட்டினத்துக்குத் தேவைப்பட்டதோ கடல். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வங்கக்கடலின் அலை உயரமும் காற்றின் திசையும் காட்டும் வரைபடத்தை இறக்கி, தமிழில் எழுதி, கடற்கரையில் கம்பம் நட்டுக் கட்டிய ஒலிபெருக்கியில் படித்தார்கள். வலை பின்னிக்கொண்டே கேட்கலாம். எழுத்துத் தெரிய வேண்டியதில்லை.

டீக்கடையில் ஒருவர் தினத்தந்தியை உரக்கப் படிக்க, சுற்றி இருப்பவர்கள் கேட்கும் பழக்கம் தமிழ்நாடெங்கும் உண்டு. வீராம்பட்டினத்தின் ஒலிபெருக்கி அந்த மரபின் நீட்சி. உலகெங்கிலுமிருந்து விருதுகளும் செய்தியாளர்களும் வந்தபோது பேச்சு முழுவதும் கணினியைப் பற்றியே இருந்தது. என் கணிப்பில், மையத்தை நூலகமாக்கியவர்கள் அங்கே உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பெண்கள். எது ஊருக்கு வேண்டும் என்று தேர்ந்து, எந்தச் சொல்லில் சொன்னால் புரியும் என்று தீர்மானித்தது அவர்களே. நூலகர் செய்வதும் அதுதானே.

சுனாமி தாக்கிய 2004 டிசம்பர் 26 காலை, இத்தகைய மையம் இருந்த இன்னொரு கடலோர ஊரான நல்லவாட்டில் இது உயிர்காக்கும் வேலையாயிற்று. சிங்கப்பூரில் தொலைக்காட்சி பார்த்த உறவினர் ஒருவர் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரிக்க, மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர் தப்பியது.

இதே ஆண்டுகளில் வேறொரு பக்கம் பாட்காஸ்ட் உருவாகிக்கொண்டிருந்தது. டேவ் வைனர் 2000 டிசம்பரில் ஆர்எஸ்எஸ் என்னும் செய்தியோடை முறையில் ஒலிக்கோப்பை இணைக்க வழிசெய்தார். 2004 பிப்ரவரியில் ‘கார்டியன்’ இதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் அதற்குப் பெயர் கிடைத்தது. 2005 ஜூனில் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் அதைப் பரவலாக்கியது. ஒலிபெருக்கியோடு ஒப்பிட்டால் இதன் புதுமை எங்கே? கேட்கும் நேரத்தைக் கேட்பவரே முடிவுசெய்யலாம். அதைவிட முக்கியமாக, சொன்னது தங்கும். திரட்டுவது, காப்பது, வழங்குவது என நூலகத்துக்கு மூன்று வேலைகள் உண்டென்றால், 1998இன் ஒலிபெருக்கி முதலாவதையும் மூன்றாவதையும் செய்தது. படித்து முடித்த அலை அறிவிப்பு காற்றோடு போயிற்று. அதற்குரிய ஊர்ச் சொற்கள், கேட்ட மீனவர் அதை ஏற்றோ மறுத்தோ சொன்ன பதில் எல்லாம் அப்படித்தான் போயிருக்கும்.

காக்கும் வேலையைத் தமிழில் இணையம் எழுத்திலிருந்து தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு.கல்யாணசுந்தரம் முன்னின்ற மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று பிறந்தது. வில்லியனூர் முயற்சிக்கு அது ஒத்த வயது. 2005இல் இலங்கையில் நூலகம் திட்டம் தொடங்கியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த நினைவு அதன் பின்னணியில் உண்டு. நூல், இதழ்களோடு நிற்காமல் வாய்மொழி வரலாறு, ஒலி, ஒளிப்பதிவு வரை அதன் சேகரம் பின்னர் விரிந்தது. கிராம நூலகங்களுக்கு முன்மாதிரி தேடுவோர் அதைப் பார்க்கலாம்.

ஒலியைக் காப்பதில் எழுத்துக்கு இல்லாத சிக்கல் உண்டு. தொண்ணூறுகளின் தமிழ் ஆவணங்கள் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறிமுறை என்று சிதறிக்கிடந்தன; தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டதே 2010இல்தான். குரலுக்கு எழுத்துரு தேவையில்லை என்பதால் அந்தக் குழப்பத்தை அது தாண்டிவிட்டது போலத் தோன்றும். ஆனால் புத்தகத்தை ஐந்து நிமிடம் புரட்டி வேண்டாமென்று வைத்துவிடலாம், ஒரு மணி நேரப் பதிவை அப்படிப் புரட்ட முடியாது. வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது. பாட்காஸ்ட் வைக்கும் நூலகம் அந்த விதியில்தான் முதலில் தடுக்கி விழும். யார் பேசுகிறார், எந்த ஊர், எத்தனையாவது நிமிடத்தில் நெல் விதை பற்றிய பேச்சு வருகிறது என்று தமிழில் குறித்து வைக்காத பதிவு, அட்டை கிழிந்து மூலையில் விழுந்த புத்தகத்துக்குச் சமம். தானியங்கி எழுத்தாக்கம் இப்போது உதவுகிறது. சந்தைப் பேச்சையும் வட்டாரச் சொல்லையும் திருத்த ஆள் வேண்டும்.

உரிமைச் சிக்கலும் உண்டு. பதிப்புரிமை உள்ள நூலை முழுதாகப் படித்துப் பொதுவில் ஏற்ற முடியாது. பார்வையற்றோர் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகளுக்காக 2012இன் பதிப்புரிமைத் திருத்தம் வழிவிட்டது. அதே நோக்கமுள்ள மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. நாட்டுடைமையான எழுத்தாளர்களுக்கு இந்தத் தடை இல்லை. புதுச்சேரியின் பாரதிதாசன் அந்த வரிசையில் இருக்கிறார். ஆகவே மண்ணாடிப்பட்டு கொம்யூனில் ஒரு கிளை நூலகம் கைபேசி ஒன்றை வைத்துக்கொண்டு அவரிடமிருந்தே ஒலிநூல் வரிசையைத் தொடங்கலாம். சந்தையில் மாடு பிடிக்கும் பெரியவரைப் பதிவு செய்வதாக இருந்தால், எதற்காக, எங்கே வைக்கப்போகிறோம் என்று முதலில் அவரிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். தரகு ரகசியம் அவருக்குப் பிழைப்பு. அந்தப் பகுதியை நிறுத்தி வைக்கச் சொன்னால் நிறுத்தி வைக்கவும் வேண்டும்.