கோலாப்பூர் செருப்பு: தரம் உழைப்பவரிடம், முத்திரை யாரிடம்?

2025 ஜூன் மாதம் இத்தாலியின் மிலான் நகரில் பிராடா நிறுவனம் நடத்திய ஆடவர் ஆடை அணிவகுப்பில், பெருவிரல் வளையமும் பின்னல் வாரும் கொண்ட செருப்புகள் மேடையேறின. நிறுவனத்தின் குறிப்பில் அவை வெறும் ‘தோல் செருப்புகள்’. அவை கோலாப்பூர் செருப்புகள் என்பதை இந்தியாவில் பார்த்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொண்டனர். கண்டனம் எழுந்த பிறகே, அவ்வடிவம் இந்தியக் கைவினை மரபிலிருந்து உந்துதல் பெற்றது என்பதை நிறுவனம் ஒப்புக்கொண்டது.

‘இந்தியப் பண்பாடு திருடப்பட்டது’ என்று ஊடகங்கள் பேசிய அளவுக்கு, அச்செருப்பைச் செய்வோர் யார், எச்சாதியினர், ஓர் இணைக்கு அவர்கள் கையில் மிஞ்சுவது என்ன என்பவை பேசப்படவில்லை. பண்பாடு என்ற சொல் வந்தவுடன் செருப்பு தேசத்தின் உடைமையாகிவிடுகிறது. தோலை உரிக்கும்போதும் ஊறவைக்கும்போதும் மட்டும் அது ‘அவர்களுடைய’ தொழில்.

மகாராட்டிர மரபில் இத்தொழில் மூன்று சாதிகளின் தோள்மீது நின்றது. இறந்த மாட்டை அகற்றும் கடமை மகர்கள்மீது சுமத்தப்பட்டது. தோலைப் பதனிட்டவர்கள் டோர்கள். செருப்புத் தைத்தவர்கள் சர்மகார்கள். மாநில எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டத்து அதானியில் இதைச் செய்பவர்கள் சமகாரர்கள். மூவரையும் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிய அதே சமூகம், மூவரின் உழைப்பும் சேர்ந்த பொருளைக் காலில் அணிந்து நடந்தது. அதில் தீட்டு ஒட்டவில்லை.

செருப்பின் தரம் தைக்கும் இடத்தில் தொடங்குவதில்லை. பதனிடும் குழியில் தொடங்குகிறது. கச்சாத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சதையைச் சுரண்டி எடுக்க வேண்டும். பின்னர் கருவேலம் பட்டையும் கடுக்காயும் ஊறிய சாற்றில் அது கிடக்க வேண்டும். அதன்பின் தோலையே ஒரு பையாகத் தைத்து, உள்ளே பட்டையையும் கடுக்காயையும் நிரப்பி, தொங்கவிட்டுச் சாற்றை ஊற்றுவார்கள். சாறு தோலின் ஊடாகக் கசிந்து சொட்டும். அதை மீண்டும் மேலே ஊற்ற வேண்டும். ஒரு முனை போதிய அளவு பதப்பட்டபின் பையைத் தலைகீழாகத் திருப்பித் தொங்கவிட வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் காலம் பிடிக்கும். எந்த நிறத்துக்கு வந்தால் போதும், தொட்டால் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதப்படாத வேதியியல். தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையைக் கொண்டு பதனிடப்பட்ட கிழக்கிந்தியத் தோலும் இதே வகை அறிவின் விளைச்சல்தான். காஞ்சா அய்லய்யா தோல் பதனிட்ட சாதிகளை அறிவியலாளர்கள் என்று எழுதியபோது பலர் அதை மிகை என்றனர். அந்தப் பையைத் தொங்கவிட்டுப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தைப்பதிலும் இதே நுட்பம் உண்டு. அடித்தோலின் அடுக்குகளை ஆணியின்றித் தோல் நூலால் இறுக்குகிறார்கள். அடித்தோல் பெரும்பாலும் எருமைத்தோல். நடக்கும்போது ஒலி எழ வேண்டுமென்று அடுக்குகளுக்கு நடுவே விதைகளை வைத்துத் தைக்கும் வழக்கமும் இருந்தது. வெட்டுவதும் அடித்தோல் பொருத்துவதும் ஆண்கள் வேலையாகவும், பின்னலும் நுண்தையலும் பெண்கள் வேலையாகவும் வீட்டுக்குள்ளேயே பிரிந்திருந்தன. செருப்பை அழகாக்குவது பெரிதும் அந்தப் பின்னல்; சந்தைக்குப் போய் விலை பேசியதோ ஆண்.

சிறுதொழில் பற்றிய அரசு உரைகளிலும் மேலாண்மை வகுப்புகளிலும் ஒரு வாசகம் சலிக்காமல் ஒலிக்கிறது: ‘மரபுத் தொழிலாளர்கள் தரத்தை உயர்த்திக்கொள்ள வேண்டும்.’ தரம் குறைவது திறன் குறைவால் என்ற முடிவு இதற்குள் ஒளிந்திருக்கிறது. உண்மையில் தரம் என்பது பெருமளவு காலம். காலம் என்பது முதலீடு. வாரக்கணக்கில் குழியில் கிடக்கும் தோல், வாரக்கணக்கில் முடங்கிய பணம். அந்தப் பணம் கடனாக வந்ததென்றால், தோல் பதமாகும் ஒவ்வொரு நாளும் வட்டி ஏறுகிறது. தோலையும் முன்பணத்தையும் தரும் வணிகரிடமே சரக்கை ஒப்படைக்க வேண்டியவர் விலை பேச முடியாது. ஆகவே அவர் பதனிடும் நாளைக் குறைக்கிறார். அல்லது ஓரிரு நாளில் பதமாகும் குரோம் தோலை வாங்குகிறார். அடித்தோலின் அடுக்கொன்றைக் குறைக்கிறார். அவருக்குத் தெரியாததால் அல்ல, அவரால் காத்திருக்க முடியாததால் செருப்பு மூன்றே மாதத்தில் வாய் பிளக்கிறது. அதற்குள் செயற்கைத் தோலில் அச்சடித்தாற்போல் வரும் போலிச் செருப்பு அதே பெயரில் பாதி விலைக்குக் கடையில் தொங்குகிறது.

கச்சாப் பொருளும் அரசியலிலிருந்து தப்பவில்லை. மகாராட்டிரம் 2015இல் காளை, எருது ஆகியவற்றை அறுப்பதையும் தடை செய்தது. கர்நாடகம் 2020இல் கொண்டுவந்த கடுமையான சட்டம் 2021இல் நடைமுறைக்கு வந்தது. எருமைக்கு விதிவிலக்கு உண்டு என்று சட்டத்தைக் காட்டுவோர், சாலையில் தோல் வண்டியை மறிக்கும் கும்பல் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். 2016 ஜூலையில் குசராத்தின் ஊனாவில், இறந்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தது நினைவில் இருக்கட்டும். பதனிடத் தோல் தடையின்றிக் கிடைக்காத இடத்தில் தரக் கட்டுப்பாடு பற்றிப் பாடம் எடுப்பது வீண்.

தரம் மட்டுமே பொருளை விற்றுவிடாது என்பதற்குக் கோலாப்பூரிலேயே பழைய சான்றொன்று உண்டு. சத்ரபதி சாகு மகாராசரின் குதிரை லாயத்தில் பணிபுரிந்த கங்காராம் காம்பளே, சாதி இந்துக்களுக்கான நீரைத் தொட்டதற்காக அடிக்கப்பட்டார். அவர் தேநீர்க் கடை தொடங்க சாகு உதவினார். ‘தீண்டத்தகாதவர்’ கடையில் யாரும் தேநீர் குடிக்க வரவில்லை. சாகு தம் வண்டியை அக்கடை முன் நிறுத்தித் தாமும் குடித்து, உடன் வந்தோரையும் குடிக்கவைத்தார். தேநீரின் சுவையில் எந்த மாற்றமும் நேரவில்லை. வாங்குவோரின் சாதிக் கணக்கைத்தான் ஓர் அரசர் குலைக்க வேண்டியிருந்தது. 1902இலேயே தம் அரசுப் பணிகளில் 50 விழுக்காடு இடஒதுக்கீடு அறிவித்தவர் அவர். கோலாப்பூர்ச் செருப்புக்கு அவரது ஆட்சியில் கிடைத்த ஆதரவையும் இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும்.

அதானியில் 1990களின் இறுதியில் நடந்த முயற்சி வேறு வகையானது. அசென்ட் என்ற தொண்டு அமைப்பு, செருப்புத் தைக்கும் குடும்பங்களின் பெண்களைத் தன்னுதவிக் குழுக்களாகத் திரட்டியது, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியும் சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியும் கிடைத்தன. ‘டோ ஹோல்ட்’ என்ற பெயரில் அவர்கள் செருப்புகள் வெளிநாட்டுச் சந்தைக்குச் சென்றன. இதில் கவனிக்க வேண்டியது பயிற்சியை அல்ல. குழுவின் சேமிப்பும் கடனும் பெண்களின் பெயரில் வந்தன. வணிகரின் முன்பணத்துக்கு மாற்று ஒன்று கிடைத்தது. தரம் அதன் பின்னால் வந்தது.

இனி சட்டத்துக்கு வருவோம். கோலாப்பூர் செருப்புக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகாராட்டிரத்தில் கோலாப்பூர், சாங்கிலி, சதாரா, சோலாப்பூர். கர்நாடகத்தில் பெலகாவி, தார்வாட், பாகல்கோட், விஜயபுரா என எட்டு மாவட்டங்களுக்கு அது உரியது. பதிவு பெற்ற உரிமையாளர்கள் இரு மாநிலங்களின் தோல்தொழில் வளர்ச்சிக் கழகங்கள்: ஒன்று சந்த் ரோகிதாசர் பெயரையும், மற்றொன்று பாபு ஜகஜீவன்ராம் பெயரையும் தாங்கியது. தைப்பவர் உரிமையாளர் அல்லர். அவர் தனியே விண்ணப்பித்து, ‘அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்’ என்று சென்னையிலுள்ள பதிவகத்தில் பெயர் சேர்த்தால்தான் முத்திரை அவர் கைக்கு வரும்.

அப்படி வந்த முத்திரையும் பெயரைக் காக்கும், வடிவத்தைக் காக்காது. ‘கோலாப்பூர்’ என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் அதே செருப்பைச் செய்பவரை 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் எளிதில் தொட முடியாது. வடிவமைப்புச் சட்டமோ புதிய வடிவத்துக்கே உரிமை தரும். தலைமுறைகளாக இருந்துவரும் வடிவம் அதற்குள் நுழைய இயலாது. பிராடாவுக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கை 2025 ஜூலையில் பம்பாய் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது: மனுதாரர்கள் குறியீட்டின் உரிமையாளர்கள் அல்லர் என்பதே காரணம். இன்னொரு விதியை மாணவர்கள் குறித்துக்கொள்வது நல்லது. அச்சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, புவிசார் குறியீட்டு உரிமையை விற்கவோ உரிமம் தரவோ அடகு வைக்கவோ முடியாது. வெளியார் அபகரிப்பதைத் தடுக்க அது தேவையான விதி. ஆனால் தோல் பதமாகும்வரை காத்திருக்கப் பணம் தேடி வங்கிக்குப் போகும் கைவினைஞருக்கு, அவர் கையிலுள்ள மிகப் பெரிய சொத்தான அந்தப் பெயரின்மேல் ஒரு ரூபாய் கூடக் கிடைக்காது.

2025 டிசம்பரில் பிராடாவும் இரு கழகங்களும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. மகாராட்டிரத்திலும் கர்நாடகத்திலும் 2,000 இணைகள் செய்யப்படும். ஓர் இணையின் விலை ஏறத்தாழ 800 யூரோ என்று அறிவிக்கப்பட்டது. இந்தியச் சந்தையில் சில நூறு, சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் பொருள் அது. மும்பையின் சுதீர் ராஜ்பர், மாட்டிறைச்சித் தடையால் வேலையிழந்த தோல்தொழிலாளர்களோடு சேர்ந்து மறுசுழற்சி ரப்பரில் பைகள் செய்து, இழிசொல்லாக வீசப்பட்ட சாதிப் பெயரையே ‘சமார் ஸ்டுடியோ’ என்று வணிகப் பெயராக்கினார். அங்கே பெயரைச் சூட்டியதும் விலையைத் தீர்மானித்ததும் பெருநிறுவனம் அல்ல.

இத்தொழிலில் நிலைப்பதா, விட்டு வெளியேறுவதா என்ற கேள்வியும் பழையதே. செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விட்டொழிக்குமாறு 1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் அழைப்பு விடுத்தார். சாதி விதித்த தொழிலைப் பெருமையாக்கிப் பேசுவோரை அவர் ஒருபோதும் நம்பவில்லை. செருப்புத் தைப்போரின் மகளும் மகனும் கல்லூரிக்குப் போவதைக் ‘கைவினை அழிகிறது’ என்று புலம்பும் கட்டுரைகளை அந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது. தொடர விரும்புவோர் அந்த 2,000 இணைகளின் ஒப்பந்தத்தில் மூன்றை உடனடியாகக் கேட்கலாம்: ஓர் இணைக்கான கூலி எவ்வளவு என்பது பொதுவில் வெளியிடப்பட வேண்டும், தோலுக்கான முன்பணத்தை வாங்குவோரே வட்டியின்றித் தர வேண்டும், பின்னல் போடும் பெண்ணின் பெயரும் பயன்பாட்டாளர் பதிவேட்டில் ஏற வேண்டும்.