பத்தொன்பது வாய்பாடுகளும் மூன்று நாள் மாநாடும்

நம் சமையலறைகளில் வினிகர் என்றும், அண்டை வீட்டு மலாய்க்காரரிடம் சூக்கா என்றும், பழந்தமிழ் வழக்கில் காடி என்றும் வழங்கும் நீர்மம் ஒன்றுண்டு. அதற்குப் புளிப்பைத் தருவது அசெட்டிக் அமிலம். செருமானிய வேதியியலார் ஆகஸ்ட் கெக்குலே 1861ஆம் ஆண்டிட்ட தம் கரிம வேதியியல் பாடநூலின் முதல் தொகுதியில் இந்த ஓர் அமிலத்திற்கு அக்காலத்தார் எழுதிவந்த வாய்பாடுகளைத் தொகுத்துத் தந்தார். அவை மொத்தம் 19. பொருள் ஒன்றுதான்; அதைக் குடுவையில் ஊற்றி எடைபோடுவோர் கண்ட முடிவுகளிலும் பெரிய வேறுபாடில்லை. வேறுபட்டது எழுத்து.

மொழியியல் படித்த நமக்கு வேதியியல் மாநாட்டில் என்ன வேலை என்று மாணவர் சிலர் வினவக்கூடும். 1860ஆம் ஆண்டு செப்டம்பர் 3, 4, 5 ஆகிய நாள்களில் செருமானிய நாட்டுப் பாடன் பெருங்கோமகவையின் தலைநகராகிய கார்ல்ஸ்ரூவில் வேதியியலார் கூடியது சொற்பொருளைப் பற்றிப் பேசுவதற்கே. அணு என்றால் என்ன, மூலக்கூறு என்றால் என்ன, சமான எடை என்பது இவற்றுள் எதனைக் குறிக்கும் என்பவையே அவர்கள் முன் வைக்கப்பெற்ற வினாக்கள். வேதியியலார் பன்னாட்டளவில் கூடிய முதல் மாநாடு இதுவே. ஒரு தொழிலைச் செய்வோர் ஓரிடத்தில் கூடித் தம் கலைச்சொற்களைத் தாமே சீர்தூக்கிய வரலாறாகவும் இதனை நாம் படிக்க வேண்டும்.

சிக்கலின் வேரைச் சற்று விளக்குவோம். நீரைப் பிரித்தால் ஹைட்ரஜன் ஒரு பங்கு எடையும் ஆக்சிஜன் எட்டுப் பங்கு எடையும் கிடைக்கும். இதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் நீரின் மிகச் சிறிய துகளில் ஹைட்ரஜன் அணு எத்தனை? ஒன்று என்று கொண்டால் ஆக்சிஜனின் அணு எடை 8. இரண்டு என்று கொண்டால் 16. தராசு எடையைத்தான் காட்டும்; எண்ணிக்கையைக் காட்டாது. கரியின் அணு எடையும் இவ்வாறே ஒரு சாராருக்கு 6, மற்றொரு சாராருக்கு 12. ஆகவே அசெட்டிக் அமிலத்தில் கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் நான்கு நான்கு என்று ஒருவர் எழுத, கரி இரண்டு, ஹைட்ரஜன் நான்கு, ஆக்சிஜன் இரண்டு என்று இன்னொருவர் எழுதினார். இருவர் கணக்கும் தத்தம் அளவில் பிழையற்றது. ஒருவர் கட்டுரையை மற்றவர் படிக்கும்போதுதான் குழப்பம் தலைகாட்டும். இதன்மேல், அமிலத்தின் உட்கட்டமைப்பைப் பற்றி ஒவ்வொரு பள்ளியாரும் கொண்ட கோட்பாட்டிற்கேற்ப வாய்பாடு மேலும் மேலும் கிளைத்தது. மாணவன் ஓர் ஆசிரியரிடமிருந்து இன்னோர் ஆசிரியரிடம் சென்றால் புதிதாக ஒரு மொழியையே கற்க வேண்டிய நிலை.

தீர்வுக்கான திறவுகோல் ஐம்பது ஆண்டுகளாகக் கைக்கெட்டும் தொலைவில் கிடந்தது. ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் உள்ள சம கன அளவு வளிமங்களில் சம எண்ணிக்கையான மூலக்கூறுகள் இருக்கும் என்னும் கருதுகோளை இத்தாலியர் அவகாட்ரோ 1811இலேயே வெளியிட்டிருந்தார். அதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. அவர் 1856இல் மறைந்தார்.

மாநாட்டிற்கு வித்திட்டவர் மூவர்: அப்போது பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பணியாற்றிய கெக்குலே, பாரிசில் இருந்த வூர்ட்ஸ், கார்ல்ஸ்ரூத் தொழில்நுட்பக் கல்லூரியின் வெல்ட்சீன். அழைப்பிதழ் ஆங்கிலம், பிரெஞ்சு, செருமானியம் ஆகிய மும்மொழிகளில் அச்சாகி 1860 ஜூலையில் ஐரோப்பா எங்கும் சென்றது. லீபிக், வோலர், புன்சன், தூமா போன்ற மூத்தோரின் பெயர்கள் அதற்கு வலுவூட்டின. பெயரைத் தந்த பெரியோர் அனைவரும் நேரில் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லீபிக்கும் வோலரும் வரவில்லை. இத்தகைய அழைப்பிதழ்கள் நமக்கும் புதியவை அல்ல. ஆயினும் 120க்கும் மேற்பட்டோர் வந்தனர். மெக்சிகோவிலிருந்துகூட ஒருவர் வந்திருந்தார். இருப்புப்பாதை ஐரோப்பிய நகரங்களை இணைத்திராவிடில் இப்படியொரு கூட்டம் கூடியிருக்குமா என்பது ஐயமே.

பாடன் சட்டமன்றத்தின் இரண்டாம் அவை மண்டபத்தில் வெல்ட்சீன் தொடக்கவுரை ஆற்றினார். அடுத்த நாள் பூசிங்கோவும் மூன்றாம் நாள் தூமாவும் தலைமை ஏற்றனர். செயலாளர்களாகப் பல நாட்டவரை அமர்த்தினர். முதல் வினா அணுவுக்கும் மூலக்கூறுக்கும் இடையே வேறுபாடு கொள்வதா என்பது. வினைகளில் ஈடுபடும் மிகச் சிறிய அளவு மூலக்கூறு. மூலக்கூறுக்குள் அடங்கியிருக்கும் மிகச் சிறிய அளவு அணு. சமான எடை என்பது ஆய்வுவழிக் கண்ட ஒன்று, அது இவ்விரண்டையும் சார்ந்ததன்று. இவ்வகையில் வரையறைகள் வகுக்கப்பெற்றன. இன்று நம் இடைநிலைப்பள்ளி மாணவன் ஒரு வரியில் ஒப்புவித்துவிடும் இந்த வேறுபாட்டிற்காக அன்று நரை கண்ட பேராசிரியர்கள் நாள்கணக்கில் வாதிட்டனர்.

அடுத்து எழுந்தது கடினமான வினா: எந்த அணு எடைகளைக் கொள்வது? பெர்சீலியசின் பழைய முறைக்குச் சில திருத்தங்களுடன் திரும்பலாம் என்றனர் சிலர். கனிம வேதியியலும் கரிம வேதியியலும் வெவ்வேறு இயல்புடையவை என்னும் போக்கில் தூமா பேசினார். அதை எதிர்த்து எழுந்தவர் செனோவாவிலிருந்து வந்திருந்த ஸ்தானிஸ்லாவோ கன்னிசாரோ. சிசிலித் தீவினரான இவர் 1848ஆம் ஆண்டுப் புரட்சியில் பங்கேற்று, அது வீழ்ந்தபின் பிரான்சுக்குத் தப்பியோடியவர். வேதியியல் ஒன்றே, அணு எடையும் ஒன்றே என்பது இவர் நிலைப்பாடு. அவகாட்ரோவின் கருதுகோளைக் கொண்டு வளிம அடர்த்தியிலிருந்து மூலக்கூற்று எடையையும் அதிலிருந்து அணு எடையையும் எவ்வாறு பெறலாம் என்று நெடுநேரம் விளக்கினார். அது அவருக்குப் புதிய பேச்சன்று. செனோவாவில் தம் மாணவர்க்கு நடத்திய பாடங்களையே சுருக்கி 1858இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டிருந்தார். ஆசிரியர்கள் இதனைக் குறித்துக்கொள்ளலாம்: வேதியியலைத் திருத்திய ஆவணம் ஒரு வகுப்பறைப் பாடக்குறிப்பு.

கன்னிசாரோவின் உரைக்குப் பின்னும் அவை ஒருமுகப்படவில்லை. அறிவியல் உண்மையைக் கையுயர்த்தி வாக்கெடுத்து முடிவு செய்வது தகாது என்ற கருத்து வலுவாக ஒலித்தது. நாம் அக்கருத்துடன் உடன்படுகிறோம், ஒரு வரம்புக்குட்பட்டு. அணுவின் எடை எத்தனை என்பது வாக்கெடுப்புக்கு உரியதன்று. அதை எந்தக் குறியால் எழுதுவது என்பது உடன்பாட்டுக்கு உரியது. கார்ல்ஸ்ரூவில் இவ்விரண்டும் பின்னிக் கிடந்தன. குறியைத் தீர்க்கப் புகுந்தால் கோட்பாடு குறுக்கே நின்றது. அணு எடையைப் பொறுத்தவரை எவரையும் கட்டுப்படுத்தும் முடிவு ஏதும் இல்லாமல் மாநாடு கலைந்தது. தீர்மானங்களை மட்டும் வைத்து அளந்தால் அதனைத் தோல்வி என்றே எழுத வேண்டும்.

ஆனால் கலையும் வேளையில் இன்னொன்று நடந்தது. பாவியாவைச் சேர்ந்த பவேசி என்னும் கன்னிசாரோவின் நண்பர் அந்த 1858ஆம் ஆண்டுக் கட்டுரையின் அச்சுப் படிகளை வந்திருந்தோர்க்கு வழங்கினார். லோத்தர் மையர் என்னும் முப்பது வயது இளைஞர் ஒரு படியைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு புறப்பட்டார். ஊர் திரும்பும் வழியிலும் பின்னர் வீட்டிலுமாகப் படித்தார்; படிக்கப் படிக்க ஐயங்கள் அகன்றன என்று பின்னாளில் பதிவு செய்தார். 1864இல் வெளிவந்த அவருடைய கோட்பாட்டு வேதியியல் நூல் புதிய அணு எடைகளின்மீதே எழுந்தது. ஹைடல்பெர்க்கில் தங்கி ஆய்வு செய்துவந்த 26 வயது உருசியர் மெண்டலீவும் அவையில் இருந்தார். மாநாட்டின் நடப்பைத் தம் ஆசிரியருக்கு மடலாக எழுதியனுப்பினார். அது பீட்டர்ஸ்பர்க் நாளிதழில் வெளியாயிற்று. 1869இல் அவர் தனிமங்களை அணு எடை வரிசையில் நிறுத்தி ஆவர்த்தன அட்டவணையைக் கண்டார். ஆக்சிஜனுக்கு 8 என்றும் 16 என்றும் ஆளுக்கொன்று எழுதிக்கொண்டிருந்தால் அவ்வரிசை எப்படி அமையும்? கன்னிசாரோவின் உரை தமக்கு எத்துணைத் துணையாயிற்று என்பதை 1889ஆம் ஆண்டு இலண்டன் பாரடே நினைவுரையில் அவர் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். உருசியக் குழுவில் இசையமைப்பாளராகப் பின்னர்ப் புகழ்பெற்ற பொரோதினும் இருந்தார். அவருக்கு அன்றாடப் பணி வேதியியலே.

இன்று தொழில்முறை வேதியியலார்க்கென நடைபெறும் கூட்டங்களைக் காண்கிறோம். நம் நாட்டில் 1967இல் தொடங்கிய மலேசிய வேதியியல் கழகமும் 1975ஆம் ஆண்டு வேதியியலார் சட்டமும் இத்தொழிலுக்கு ஒரு கட்டமைப்பைத் தந்துள்ளன. செம்பனை எண்ணெய் ஆலையிலும் இரப்பர் ஆய்வகத்திலும் நீர்ப் பரிசோதனைக் கூடத்திலும் பணிபுரிவோர் பயிற்சிப் பட்டறைகளிலும் கருத்தரங்குகளிலும் கூடுகின்றனர். நிகழ்ச்சி நிரலைவிடத் தேநீர் இடைவேளையே பயனுடையது என்று அவர்களுள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கார்ல்ஸ்ரூவின் வரலாறு அதை மறுக்கவில்லை. எனினும் பவேசி வழங்கியது வெறும் கைகுலுக்கலன்று. அச்சிட்ட தெளிவான ஒரு பாடம். அதுவும் உடன் சேர்ந்ததால்தான் மூன்று நாள் சந்திப்பு பலன் தந்தது.

கார்ல்ஸ்ரூவில் விட்ட இழையை 1892 ஏப்ரலில் ஜெனிவாவில் எடுத்தனர். பிரெஞ்சு அறிஞர் பிரீதெல் தலைமையில் ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 34 பேர் கூடிக் கரிமச் சேர்மங்களுக்குப் பெயரிடும் விதிகளை வகுத்தனர். இம்முறை கூட்டம் சிறிது, வினாவும் குறுகியது, கோட்பாட்டுப் பூசல் பெரும்பாலும் ஓய்ந்திருந்தது. மிக நீண்ட கரித்தொடரை அடியாகக் கொள்க, அதனுடன் ஒட்டுகளைச் சேர்க்க என்னும் அவ்விதிமுறை இலக்கணம் கற்றோர்க்கு உடனே புலப்படும். பகுதி, விகுதி என்று நம் நன்னூலார் பகுபதத்தைப் பிரித்த வழியில் ஒரு மூலக்கூற்றின் பெயரையும் பிரித்துப் பொருள் கொள்ளலாம். அசெட்டிக் அமிலம் எத்தனாயிக் அமிலம் ஆனது: எத்தேன் என்பதன் அடியில் இரண்டு கரி, விகுதியில் அமிலம். பிரீதெலும் பேயரும் கன்னிசாரோவும் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் கார்ல்ஸ்ரூவிலும் இருந்தவர்கள்.

தமிழ்ப் பக்கம் திரும்புவோம். யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் பிஷ் கிறீனின் முயற்சியில் ‘கெமிஸ்தம்’ என்னும் நூல் 1875இல் வெளிவந்தது. தலைப்பிலேயே ஒரு முடிவு தெரிகிறது: அயற்சொல்லைத் தமிழ் விகுதியோடு ஏற்பது. 1916இல் சேலத்தில் வழக்கறிஞர் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் கலைச்சொல்லாக்கத்திற்கென ஒரு சங்கம் கண்டு இதழும் நடத்தினர். அதன் பெயரிலேயே ‘சாஸ்திரீய பரிபாஷை’ இருந்தது. இராஜாஜி பின்னர்த் ‘திண்ணை ரசாயனம்’ எழுதினார். இரசாயனம் பின்னர் வேதியியலாயிற்று. வேதித்தல் என்பது ஓர் உலோகத்தை வேறொன்றாக மாற்றுதல் என்னும் பொருளில் இரசவாதத்தார் ஆண்ட சொல். அதைக் கண்டெடுத்தவர் நல்ல வேலை செய்தார் என்றே நாம் கருதுகிறோம்.

இருப்பினும் தமிழகத்தார் கரிம வேதியியல் என்பதை இலங்கையார் சேதன இரசாயனம் என்பர். அவர்களுக்கு ஹைட்ரஜன், இவர்களுக்கு ஐதரசன். ஆக்சிஜன், ஒட்சிசன், பிராணவாயு, உயிர்வளி நான்கும் ஒரு பொருள்; நம் தமிழ்ப்பள்ளிப் பாடநூல்கள் உயிர்வளியைக் கொண்டன. ஆளுக்கொரு பட்டியல் சிறப்பாகவே உள்ளது. இல்லாதது, ஆய்வகத்தில் தமிழில் பேசிப் பணிபுரியும் நால்வர் கூடுமிடம். தமிழ்ப்பள்ளியில் உயிர்வளி என்று படித்த மாணவி வேதியியலாராகிக் கருத்தரங்கிற்குச் செல்லும்போது மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசுகிறாள், அது இயல்பே. ஆனால் தமிழ்ச் சொற்களுக்குக் குழு அமைக்கும்போது மொழியாசிரியர்களும் நம்மைப் போன்ற மொழியியலாரும் மேசையைச் சுற்றி அமர்கிறோம், அவளை அழைப்பதில்லை. பட்டியலில் ஏறிய சொல்லை நாளும் வாயால் சொல்லிப் பார்ப்பவர் இல்லாததால், எது உழைக்கும், எது ஓயும் என்பது எவருக்கும் தெரிவதில்லை. கலைச்சொல் குழு ஒவ்வொன்றிலும் பாதி இடமேனும் அத்தொழில் செய்வோர்க்கு ஒதுக்கப்பெற வேண்டும் என்பது நம் கோரிக்கை.

எத்தனாயிக் அமிலத்தின் கதை அங்கு முடியவில்லை. 1919இல் தோன்றிய பன்னாட்டுத் தூய, பயன்முறை வேதியியல் ஒன்றியம் பெயரிடும் பணியைத் தொடர்ந்தது. விதிப்படியான பெயரை நம் படிவம் நான்கு மாணவர் பாடநூலில் கற்கின்றனர். ஆலைக் கிடங்குப் பீப்பாய்களிலோ பழைய பெயர் நீங்கவில்லை. ஒன்றியம் 2013இல் வெளியிட்ட பரிந்துரைகளில் அப்பொருளுக்கு முதன்மையாகக் கொள்ளத்தக்க பெயர் அசெட்டிக் அமிலம் என்று அச்சிட்டது.