முந்தும் கடன், பிந்தும் உதவி: இங்கிலாந்தின் ஆசிரியர் இடப்பெயர்வுத் தொகை

இயற்பியலுக்கும் அயல்மொழிகளுக்கும் ஆசிரியர் கிடைக்காமல் திண்டாடிய இங்கிலாந்துக் கல்வித்துறை, 2023-24 கல்வியாண்டில் வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு 10,000 பவுண்டு இடப்பெயர்வுத் தொகையை அறிமுகப்படுத்தியது. இந்தியா, கானா, நைஜீரியா, ஜமைக்கா முதலிய இடங்களில் பெற்ற ஆசிரியர் தகுதியை ஏற்கும் வழியும் 2023 பிப்ரவரியில் திறந்தது. தொகை சிறிதன்று; திருப்பித் தரவேண்டியதும் அன்று. ஆனால் அது எவ்வளவு என்பதைவிட எப்போது கைக்கு வந்தது என்பதே அதன் பயனைத் தீர்மானித்தது.

ஒரு பருவம் முழுதும் பணியாற்றிய பிறகே ஆசிரியர் இதற்கு விண்ணப்பிக்க முடிந்தது. விசாக் கட்டணம், விமானச் சீட்டு, வீட்டு முன்பணம் எல்லாம் அதற்கு முன்பே செலவாகிவிட்டன. இவற்றைவிடக் கனமானது குடியேறிகள் செலுத்தும் சுகாதாரக் கூடுதல் கட்டணம். 2024 பிப்ரவரி முதல் இது பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, சிறாருக்கு 776. விசாக் காலம் முழுமைக்கும் விண்ணப்பத்தோடு சேர்த்தே கட்டவேண்டும். இரு பிள்ளைகளுடன் மூன்றாண்டு விசா கோரும் தம்பதிக்கு இது மட்டுமே 10,866 பவுண்டு! கல்வித்துறை பின்னால் தரவிருந்ததை உள்துறை முன்னாலேயே வாங்கிவிட்டது. சுகாதாரப் பணியாளர் விசாவில் செல்லும் செவிலியருக்கு இக்கட்டணம் இல்லை, ஆசிரியருக்கு உண்டு. இந்த வேறுபாட்டுக்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

இடைவெளியை நிரப்புவது வட்டிக்கடன். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் லூசியானா சான்று. 2007 முதல் அங்கு அழைத்துச் செல்லப்பட்ட சுமார் 350 பிலிப்பினோ ஆசிரியர்களிடம் ஆள்சேர்ப்பு நிறுவனம் தலைக்கு ஏறத்தாழ 16,000 டாலர் வசூலித்தது. இரண்டாமாண்டுச் சம்பளத்தில் பத்து விழுக்காட்டையும் எழுதி வாங்கியது. பலர் கடன்பட்டே புறப்பட்டார்கள். 2012இல் நடுவர் குழு 45 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. இங்கிலாந்துத் திட்டத்தை இதனோடு ஒப்பிடுவது நியாயமாகாது. அங்கே தரகன் பறித்தான், இங்கே அரசு கொடுத்தது. எனினும் முதல் சம்பளத்துக்கு முன் பெருந்தொகை புரட்டவேண்டிய கட்டாயம் இரண்டிலும் ஒன்றே.

முன்கூட்டிக் கொடுத்தால், பணத்தைப் பெற்றுக்கொண்டு பணியில் சேராமல் போய்விடுவார்கள் என்று வாதிடலாம். அச்சம் பொய்யன்று. அதற்கு மாற்று, கூடுதல் கட்டணத்தையே தள்ளுபடி செய்வது. ஆசிரியர் கைக்கு வராத பணத்தை அவர் எப்படி ஏமாற்றிக் கொண்டுபோக முடியும்?

அனுப்பும் நாட்டின் பக்கம் வேறொரு கணக்கு இருக்கிறது. கரீபிய நாடுகளின் முறையீட்டிலிருந்து பிறந்து 2004 செப்டம்பரில் ஏற்கப்பட்ட காமன்வெல்த் ஆசிரியர் சேர்ப்பு நெறிமுறை, கல்வியாண்டின் நடுவில் ஆசிரியரைப் பெயர்ப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. அது சட்டமாகக் கட்டுப்படுத்தாது. செப்டம்பரில் பள்ளி திறக்கும் ஜமைக்காவுக்கு இங்கிலாந்தின் நாட்காட்டி பொருந்திவிடும். ஜூனில் தொடங்கும் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது: ஆகஸ்டில் புறப்படும் இயற்பியல் ஆசிரியர் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே வகுப்பை விட்டுப் போகிறார். இந்திய ஆசிரியர்கள் இங்கிலாந்தின் கோடைப் பருவத்தில், அதாவது ஏப்ரலில், பணியேற்க ஊக்கமளித்தால் இந்தச் சிக்கல் பெருமளவு குறையும். கூடுதல் செலவும் பெரிதாக இராது.